வட்டத்துக்குள் எத்தனை பள்ளிக்கூடம்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்று தெரிய வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலுமாரியைக் குடைய வேண்டியதில்லை. ரத்தினம்மாவைக் கேட்டால் போதும். மடுல்கெல்லையைத் தாண்டி மேலே ஏறும் அந்தத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் காப்பகத்தில், பதினாறு வருடமாக அவள்தான் பொறுப்பு. எந்தப் பிள்ளை எந்த மாதம் நிறை குறைந்தது, எது எப்போது நடந்தது, எது நாலு வயதாகியும் பால் போத்தலை விடமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணுகிறது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்கூட தன் பதிவைத் திருத்திக்கொள்ள அவளிடம்தான் வருவார்.

அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை அதிகம். சிலர் அதைத் திமிர் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறையாவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களாக இருப்பார்கள். ஆகவே அந்தப் பேச்சை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைக் காம்பராவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தோட்டப் பள்ளிக்கூடம். ரத்தினம்மா அங்கேதான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். அப்போது அது ஒரே ஒரு நீண்ட அறை. ஐந்து வகுப்புக்கும் ஒரே மாஸ்டர். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தோட்ட நிர்வாகத்திடமிருந்து அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பெடுத்தது. பெயர்ப்பலகையை மாற்றினார்கள். மாஸ்டரை மாற்றவில்லை, கூரையையும் மாற்றவில்லை. மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த மூலையை விட்டுவிட்டு உட்காருவார்கள்.

ஆறாம் வகுப்புக்கு நாலு மைல் தள்ளி வேறு பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. காட்டு வழி, நடுவில் ஒரு ஆறு. ரத்தினம்மா பதினொரு நாள் போனாள். பன்னிரண்டாம் நாள் ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. அப்பா பொன்னையா இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். கரையில் இறக்கிவிட்டு, "போதும்மா, உசுரு இருந்தாப் போதும்" என்றார். அதோடு படிப்பு முடிந்தது. அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். மிச்சப் படிப்பைப் பழைய பத்திரிகையிலும் மருந்துப் போத்தல் சீட்டிலும் தானே படித்துக்கொண்டாள்.

கலியாணமாகிப் பதினொரு வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் கோகிலவாணி, கூப்பிடுவது வாணி. கணவன் ராஜலிங்கம் அக்குறணையில் மக்கீன் என்பவரின் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறான். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடிய முதல் பஸ்ஸில் போவான். வாணிக்கு ஐந்து வயது நிறைந்த வருடம்தான் இந்தக் கதை நடந்தது. அடுத்த தை மாதம் அவள் முதலாம் வகுப்பில் சேர வேண்டும்.

அந்த வருடம் வைகாசியில் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கூடங்களை அடுத்த பள்ளிக்கூடத்தோடு இணைக்க யோசனை இருப்பதாகவும், பெற்றோரின் விருப்பத்தை ஆனி முடிவதற்குள் எழுதித் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. கல்லுமலையில் நாற்பத்தேழு பிள்ளைகள். அடுத்த பள்ளிக்கூடம் எது என்று சொல்லத் தேவையில்லை. அதே நாலு மைல், அதே ஆறு.

கடிதம் வந்த ஐந்தாம் நாள் கறுப்பையா பிள்ளைக் காம்பராவுக்கு வந்தான். அவன் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். சொந்தமாக ஒரு வேன் வைத்து, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குபவன். கையில் ஒரு கடிதம், அதன் பின்னால் கையெழுத்துத் தாள் ஒன்று குத்தியிருந்தது.

"ரத்தினம்மாக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. எல்லாம் நம்ம வாணி மாதிரிப் புள்ளைகளோட நல்லதுக்குத்தான்."

"என்னா எழுதியிருக்கு?"

"பள்ளிக்கூடத்த மூடிறலாம், எங்களுக்குச் சம்மதம்னு எழுதியிருக்கு."

ரத்தினம்மா மடியிலிருந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். "பள்ளிக்கூடத்தை வளக்குறதுக்குன்னு ஒரு சங்கம். அதுக்கு நீ செக்ரட்டரி. நீயே மூடச் சொல்லி எழுதுறியா?"

"கோவப்படாமக் கேளுங்க. கண்டியில பெரிய ஸ்கூலுக்கு முதலாம் வகுப்புக்குப் போட்டா, வீடு கிட்ட இருக்குன்னு அம்பது மார்க் வச்சிருக்காங்க. ஆனா நம்ம வீட்டுக்கும் அந்த ஸ்கூலுக்கும் நடுவுல நம்ம புள்ள படிக்கக்கூடிய ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அஞ்சு அஞ்சா வெட்டிருவாங்க. கிட்டக்க இருக்கும்போது ஏன் இங்க வாறேங்குறாங்க. இதையும் சேத்து பஸ் ரோட்டுல நாலு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு. இருவது மார்க் போச்சா? என் மகனுக்குப் போன வருசம் அப்படித்தான் இல்லைன்னு கடுதாசி வந்துச்சு. இத மூடுனா அஞ்சு மார்க்கு நம்ம பக்கம்."

கறுப்பையாவைக் கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது. மகனுக்கு இடமில்லை என்று கடிதம் வந்த அன்று அவன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அழுததை ரத்தினம்மாவே பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடம் மூடினால் வேனுக்கு ஆள் கூடும் என்ற எண்ணமும் ஒரு மூலையில் இருந்திருக்கலாம், இல்லையென்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்து மார்க்கை அவன் உண்மையாகவே நம்பினான்.

அவள் கையெழுத்துத் தாளைப் புரட்டினாள். முப்பத்தொரு பேர். மூன்றாவது வரியில் கடைசி எழுத்தைச் சுழித்துக் கீழே இழுத்துவிட்ட ஒரு கையெழுத்து. பதினாறு வருடமாக அவளுக்குத் தெரிந்த சுழி.

"எங்க வீட்டுக்காரரும் போட்டுட்டாரா?"

"அண்ணன் ஞாயித்துக்கெழமையே போட்டுட்டாங்க."

அவளுக்கு முகம் சுட்டது. ஒரே கூரைக்குக் கீழே சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, திங்கட்கிழமை வாயே திறக்காமல் பஸ் ஏறிப் போயிருக்கிறான். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம் இருக்குல்ல, அதுக்குள்ள அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி அக்குறணைக்குப் போய் இறங்கினாள். ராஜலிங்கம் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் யாருக்கோ சுகமில்லை என்று பயந்துவிட்டான்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?"

அவன் தராசைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போட்டேன். வாணி டவுன்ல படிக்கட்டுமேன்னுதான். நம்ம மாதிரி ஆயிடக்கூடாது."

"நம்ம மாதிரின்னா எப்படி?"

அவன் தராசில் இன்னும் இரண்டு ஆணியைப் போட்டான். சொல்லாமல் விட்டது அவளுக்கு வலித்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது கோபம் பாதியாகிவிட்டது. வாணிக்கு என்று அவன் வாங்கி வைத்திருந்த சின்னப் புத்தகப் பை பின்னால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தை மாதம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது.

மக்கீன் முதலாளி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைக்காரருக்குக் காது இல்லாவிட்டால் வியாபாரம் நடக்குமா? எழுந்து வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க தங்கச்சி. இந்தக் கூத்து எனக்கும் நடந்திருக்கு. எண்ட மூத்த மகளுக்குக் கண்டியில ஒரு ஸ்கூலுக்குப் போட்டன். ரோட்டு வழிய எண்ணினா மூணு ஸ்கூல்தான், எப்படியும் கெடைக்கும் எண்டு நெனச்சன். இண்டர்வியூல மெப்ப விரிச்சாங்க. எங்கட ஊட்டுல ஊசியக் குத்தி, அந்த ஸ்கூல் வரைக்கும் கம்பாஸ நீட்டி, ஒரு வட்டம் கீறினாங்க. அலவத்துகொடப் பக்கம் இருக்கிறதெல்லாம் உள்ளுக்கு வந்திட்டு. ஏன் தங்கச்சி, கண்டிக்குப் போறவன் அலவத்துகொடைக்குப் போவானா? நேர் எதிர்ப்பக்கம். ஆனா வட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லயே. மார்க் எல்லாம் முடிஞ்சி."

"அப்புறம் என்னா செஞ்சீங்க?" என்றாள் ரத்தினம்மா.

"சல்லி கட்டி இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்த்தன். சல்லி கட்டுறவனுக்கு வட்டமும் இல்ல, கோடும் இல்ல. நம்மளால ஏலும், கட்டினோம். ஏலாதவன் என்ன செய்யிற?"

அவள் விரலால் மடியில் ஒரு வட்டம் கீறிப் பார்த்தாள். "வட்டமா?" என்று கேட்டாள். பிறகு கணவனிடம், "ஞாயித்துக்கெழமை பதினொரு மணிக்குக் கூட்டம். வந்துருங்க. அந்தப் பை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மலைநாட்டு மனிதர்களுக்குத் தூரம் என்றால் ரோடுதான். எத்தனை வளைவு, எத்தனை பஸ் நிறுத்தம், எங்கே இறங்கி எங்கே ஏறுவது, இதுதான் நமக்குத் தெரிந்த அளவு. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் பறவைக்குப் பக்கம், நமக்கு அரை நாள். அதனால் அதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கறுப்பையாவும் பஸ் ஓடுகிற வழியைத்தான் எண்ணியிருக்கிறான். ரத்தினம்மாவும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் எண்ணியிருப்பாள்.

அன்று மாலையே பள்ளிக்கூட அதிபர் வீரசிங்கத்தைப் போய்ப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த வருடம்தான் கல்லுமலைக்கு மாற்றலாகி வந்தவர். அவள் சொன்னதைக் கேட்டதும் அலுமாரியைத் திறந்து சுற்றறிக்கையைத் தேடி எடுத்தார்.

"ஓம், வட்டம் எண்டுதான் கிடக்கு. எனக்கு உது ஞாபகத்திலயே வரேல்லை பாருங்கோ. இந்தப் பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளையையும் ஒரு நாளும் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பினதில்லை. பிறகு வட்டம் கீறவேண்டிய தேவை என்ன?" என்றார்.

"உங்ககிட்ட மெப் இருக்கா சேர்? பள்ளிக்கூடமெல்லாம் போட்டது?"

"கிடக்கு. என்னட்டை வட்டம் கீறுற கவராயம்தான் பெரிசா இல்லை."

"அதுக்கு நான் ஒண்ணு கொண்டுவாறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேலாக அதிபர் கல்விக் காரியாலயத்துக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். பிறகு தன் பங்குக்கும் கொஞ்சம் சொன்னார். "அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் காசு தாறது பிள்ளைத் தலையை எண்ணித்தான். நாற்பத்தேழு எண்டால் நாற்பத்தேழுக்குரிய சாமான்தான் வரும். சாமான் இல்லையெண்டு நீங்கள் பிள்ளையை வேற இடத்துக்கு அனுப்புவியள். தலை குறையும், காசும் குறையும். நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லை. நடக்கிறதைச் சொல்லுறன்."

அடுத்து கறுப்பையா எழுந்து ஐந்து மார்க் கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். பலர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ராஜலிங்கம் குடையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ரத்தினம்மா முன்னால் வந்தாள். அதிபரின் மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் தமிழ்ப் பாடசாலைகள் எல்லாம் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. இடுப்பில் செருகியிருந்த கறுப்புக் கயிற்றை எடுத்தாள். கண்ணூறு படாமல் கைக்குழந்தைகளுக்குக் கட்டிவிட அவளிடம் எப்போதும் ஒரு கண்டு இருக்கும்.

"கறுப்பையா, நீ வாப்பா. இதோ நம்ம தோட்டம். இந்த நுனிய இதுமேல விரலால அமுக்கிப் புடிச்சுக்க."

அவன் பிடித்தான். அவள் மறுநுனியில் ஒரு பென்சிலைக் கட்டி, கண்டியிலுள்ள அந்தப் பெரிய பாடசாலைவரை கயிற்றை இழுத்தாள். அங்கிருந்து மெதுவாகச் சுற்றினாள். பென்சில் மலைகளின்மேல் ஏறி, ஆறுகளைத் தாண்டி, அவர்கள் யாரும் போயிராத ஊர்களுக்குள்ளால் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. தாளுக்கு வெளியே போன பகுதியை அவள் மேசைப் பலகையிலேயே கீறிவிட்டாள். அதிபர் மைப்போத்தலை நகர்த்தி இடம் விட்டார்.

"காரியாலயத்துல இப்படித்தான் பாக்குறாங்க. ரோட்டைப் பாக்குறதில்ல. உள்ளுக்கு எத்தனை புள்ளி, நீயே எண்ணு."

கறுப்பையா ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறுகையால் எண்ணத் தொடங்கினான். ஒன்று கல்லுமலை. நாலைத் தாண்டியதும் குரல் இறங்கியது. பத்து வந்ததும் நிறுத்தினான். மேசையைச் சுற்றிக் கூடியிருந்த பிள்ளைகள் விடவில்லை. அவனை விட்டுவிட்டுப் பதினொன்று, பன்னிரண்டு என்று கத்தி எண்ணிக்கொண்டு போய் இருபத்தாறில் நின்றார்கள்.

"பத்துலயே அம்பது மார்க்கும் முடிஞ்சிருச்சு," என்றாள் ரத்தினம்மா. "இதை மூடுனா இருபத்தஞ்சு. அப்பவும் பூச்சியம்தான். நமக்கு லாபம் ஒண்ணும் இல்ல, பள்ளிக்கூடம்தான் இல்லாமப் போகும்."

கறுப்பையா இன்னும் கயிற்றை விடவில்லை. "அப்ப என் மகனுக்குக் கெடைக்காததுக்கு இந்தப் பள்ளிக்கூடம் காரணம் இல்லையா?" என்றான்.

"இல்லப்பா. நீயும் காரணம் இல்ல. உன் மகனும் இல்ல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். ஒரு வருடமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிய விஷயம் அது. அவனைப் பார்க்க ரத்தினம்மாவுக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் கூட்டம் அதோடு முடியவில்லை. பாப்பம்மா என்ற கொழுந்துக்காரி எழுந்தாள். "சரிக்கா, மூடல. அதனால என்னா வந்துறப் போகுது? அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். என் மக மூணாம் வகுப்பு, இன்னும் எழுத்துக் கூட்டுது. டவுனுக்கு அனுப்புறவங்க சும்மாவா அனுப்புறாங்க?"

"பாப்பம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி," என்றாள் ரத்தினம்மா. "இந்தப் பள்ளிக்கூடம் நல்லா இருக்குன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா இதை மூடுனா உங்க மக டவுனுக்குப் போகாது. ஆத்தைத் தாண்டி நாலு மைல் போகும். நான் அந்த வழியில போனவ. பதினொரு நாள் போனேன். உங்க மகளும் பதினொரு நாள் போகும், மிஞ்சுனா இருவது நாள். அப்புறம் எங்கிட்டதான் வரும், தொட்டில் ஆட்டுறதுக்கு."

பாப்பம்மா மெதுவாக உட்கார்ந்தாள். அவள் கறுப்பையா பக்கம் திரும்பினாள். "அந்தக் கையெழுத்துத் தாளைக் கிழிச்சிராத. முப்பத்தொரு பேரை வீடு வீடாப் போய்ப் புடிச்சிருக்க, சும்மா வேலையா அது? முன்னால குத்தியிருக்க கடுதாசியை மட்டும் கழட்டு. வேற ஒண்ணு எழுதிக் குத்துவோம். அஞ்சு வகுப்புக்கு அஞ்சு டீச்சர் வேணும்னு. சம்மதம் இல்லாதவங்க இப்பவே பேரை வெட்டிக்கலாம்."

முதலில் சிரித்தது அதிபர்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெயரும் வெட்டுப்படவில்லை. புதிய கடிதத்தைக் கறுப்பையாவே எழுதினான், அவனுக்குத்தான் தோட்டத்திலேயே அழகான கையெழுத்து. ரத்தினம்மா முப்பத்திரண்டாவதாகப் போட்டாள்.

கடிதம் போனாலும் தலைக்கணக்கு இருக்கிறதே. ஐந்தாம் வகுப்பு முடித்து எட்டுப் பேர் வெளியே போகிறார்கள். மிஞ்சுவது முப்பத்தொன்பது. ஐம்பதைத் தொட முதலாம் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள் வேண்டும். ரத்தினம்மா பிள்ளைக் காம்பராவின் நிறை அட்டைகளைப் பிரித்தாள். ஐந்து வயது நிறைந்தவர்கள் பதினாலு பேர். தன் வீட்டைத் தவிர மற்றப் பதின்மூன்று வீட்டுக்கும் போனாள். மூன்று பேர் முடியாது என்றார்கள், அவர்களோடு அவள் சண்டை போடவில்லை. பத்துப் பேர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். பதினொன்றாவது அவள் வீட்டு விண்ணப்பம்.

அது ராஜலிங்கத்தின் சட்டைப் பையில் அக்குறணையில் இருந்தது. தகப்பன் கையெழுத்திட வேண்டிய தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு போகும்போது ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊரையெல்லாம் பேசிச் சம்மதிக்க வைத்தவளுக்குச் சொந்த வீட்டில் வாய் வரவில்லை. அவனும் வாணிக்குத் தகப்பன்தானே. அவன் ஆசையை மிதித்து ஒரு கையெழுத்து வாங்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை. நாலு மணிவரை அதிபர் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்றரைக்கு ராஜலிங்கம் மலையேறி மூச்சிரைக்க வந்தான். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டிருக்கிறான். தாளை எடுத்து நீட்டினான்.

விரும்பும் பாடசாலைகளை வரிசைப்படி எழுதச் சொல்லி அதில் ஆறு வரி இருந்தது. முதல் வரியில் கல்லுமலை என்று எழுதியிருந்தான். மிச்ச ஐந்து வரியையும் அடிமட்டம் வைத்து, குறுக்கே ஒரே கோட்டால் வெட்டியிருந்தான். கீழே அந்தச் சுழித்த கையெழுத்து.

"நீ அன்னைக்கு நம்ம மாதிரின்னா எப்படின்னு கேட்டியே," என்றான். "உன்ன மாதிரி வந்தாப் போதும்னு தோணுச்சு."

ரத்தினம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளாமல் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். "திகதி போடல" என்றாள்.

ஜன்னல் கட்டையில் வைத்துத் திகதியைப் போட்டான். இரண்டு பேரும் மழையில் ஒரே குடையில் அதிபரிடம் போனார்கள்.

ஐம்பது நிறைந்ததால் பள்ளிக்கூடத்தை இணைக்கும் பேச்சு அடங்கியது. ஐந்து ஆசிரியர் கேட்டதற்குத் தீபாவளிக்கு முன்னால் ஒருவர் வந்தார். மிச்சத்துக்குக் கறுப்பையா மாதம் ஒரு ஞாபகக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறான். தை பிறந்ததும் வாணி அந்தப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் ரத்தினம்மா ஒவ்வொரு காலையும் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று மனதுக்குள் எண்ணினாள். பதினொரு நாள் வரை எண்ணினாள். பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. தொட்டிலில் இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. அவள் அவற்றை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, தேங்கியிருந்த தண்ணீரையெல்லாம் தேடித்தேடி மிதித்தபடி, வாணி பள்ளிக்கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள்.